மகாராணிக்கு முடி வெட்டியவள்

எனக்கு இரண்டு அக்காக்கள். பெரியவளுக்கு முடி வாய்த்தது, சின்னவளுக்குக் கத்தரிக்கோல் வாய்த்தது. வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

சின்னக்கா கடைத்தெருவில் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே குறுகலான ஓர் அறை. இரண்டு நாற்காலி, சுவரை அடைத்த கண்ணாடி, தலை அலச ஒரு பேசின், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. அங்கே இருக்கிற விளக்கும் பிளக் பாயின்ட்டும் நான் போட்டுக்கொடுத்தவை. எனக்கு எலக்ட்ரீஷியன் வேலை. தொழிலில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எதிர்ப்பக்கம் நடந்து போகிறவளின் தலையைப் பார்த்தே சாயமா, சவுரியா, எந்தக் கடையில் வெட்டியது, வெட்டியவள் அன்று யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள் என்பது வரை சொல்லிவிடுவாள். பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை மறுத்துப் பேச யாருக்கும் தைரியம் இல்லை.

இப்படிப்பட்டவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பெரியக்கா மேல் பொறாமை. நான் ஒன்றும் கோள் மூட்டவில்லை, கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள். காலையில் அம்மா பெரியக்காவுக்குத் தலைவாரி முடிக்கப் பள்ளிக்கூட மணியே அடித்துவிடும். அவ்வளவு முடி. சின்னக்கா ரிப்பனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்து நிற்பாள். அவள் முறை வந்ததும் இரண்டு இழுப்பு, ஒரு முடிச்சு, போ என்று முதுகில் ஒரு தட்டு. அந்த இரண்டு இழுப்பை அவள் இன்னும் மறக்கவில்லை.

பிறகு வெளியூரில் தங்கி இந்தத் தொழிலைப் படித்தாள். அந்த வருஷம் பெரியக்காவுக்கு டைபாய்டு வந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருந்தாள். சின்னக்கா படிப்பு முடிந்து திரும்பி வரும்போது காய்ச்சலும் போயிருந்தது, பெரியக்காவின் பின்னலும் எப்போதும்போல இடுப்பில் ஆடிக்கொண்டிருந்தது. கடை திறந்த அன்று பாதித் தெரு வந்து தலையைக் கொடுத்தது. பெரியக்கா ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கி வந்தாள், பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தாள், நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை.

"நுனியாவது வெட்டி விடறேன், வாக்கா" என்றாள் சின்னக்கா.

"எதுக்குடி, இருக்கட்டும்" என்றாள் பெரியக்கா.

வருஷக்கணக்கில் இதே கேள்வி, இதே பதில். பெரியக்கா பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். வேலை முடிந்ததும் பார்லருக்கு வந்து, தங்கைக்கும் தனக்கும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்து, பெஞ்சில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போவாள். நாற்காலி காலியாக இருந்தாலும் பெஞ்சுதான். "கூடப் பிறந்தவளே என் கையை நம்பலை" என்று சின்னக்கா என்னிடம் எத்தனையோ தடவை பொருமியிருக்கிறாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அக்கா ஒரு நாள் அந்த நாற்காலியில் வந்து உட்கார வேண்டும். கேட்டுக் கேட்டு அலுத்து, பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். ஆசை மட்டும் புகைந்துகொண்டே இருந்தது.

இந்தக் கதைக்குள் கோழி வந்ததும் சின்னக்காவால்தான். அப்பாவின் வீட்டைப் பிரித்ததில் கீழே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அக்காக்களும், மாடியில் நானும் இருக்கிறோம். கொல்லை பொது. அங்கே முட்டைக்காகச் சின்னக்கா நாலைந்து சிவப்புக் கோழிகள் வளர்த்துவந்தாள். வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு வாடிக்கைக்காரி, கோழியென்றால் இவளுக்குப் பிடிக்கும் என்று ஓர் அட்டைப்பெட்டியில் ஒரு ஜோடி சில்கியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

சில்கியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளை வெளேர் என்று இருக்கும். உடம்பில் இருப்பது இறகுதான், ஆனால் தொட்டால் முடி. ஊதி விலக்கினால் உள்ளே தோல் கன்னங்கரேல். மற்ற கோழிக்குக் காலில் நாலு விரல், இதற்கு ஐந்து. பறக்கத் தெரியாது, பெஞ்சு உயரத்துக்குக்கூட ஏறாது. தலையில் பந்துபோல ஒரு கொண்டை.

சின்னக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இது கோழியா, பவுடர் பஃபா? மழை பெஞ்சா பிழிஞ்சு கொடியில காயப் போடணும் போல. எனக்கு வேணாம்பா. நீயே வெச்சுக்கோக்கா" என்று பெட்டியைப் பெரியக்கா பக்கம் தள்ளிவிட்டாள். அன்று தள்ளிய கையை அவள் பின்னால் எத்தனை தடவை நொந்துகொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

பெரியக்கா அதுகளைக் கவனித்த கவனிப்பைச் சொல்லி மாளாது. ஏற முடியாத கோழிக்கு எதற்கு உயரம் என்று தரையோடு தரையாக மரப்பெட்டியில் கூண்டு செய்தாள், தச்சுப்பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து பரப்பினாள். சாதாரணக் கோழி மேல் விழுந்த மழை வழிந்தோடிவிடும். சில்கி தோல்வரை நனைந்து வெடவெடக்கும். அதனால் தூறல் போட்டாலே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடித் துவட்டிவிடுவாள். துவட்டியது போதாதென்று, பார்லரில் கழித்துப்போட்ட டிரையரை என்னிடம் கொடுத்துச் சரிபண்ணச் சொல்லி, மெல்லிய சூட்டில் காற்று காட்டுவாள். அந்த டிரையர் சத்தம் சுவர் தாண்டிச் சின்னக்காவுக்குக் கேட்கும். "என் டிரையர் அவ தலைக்கு ஆகாது, அவ கோழிக்கு ஆகும்" என்று பாத்திரத்தை டங்கென்று வைப்பாள்.

சில்கிக்கு அடைகாக்கும் பைத்தியம் உண்டு. நாலு முட்டை போட்டால் போதும், உட்கார்ந்துவிடும். முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் தரையில் உட்காரும். நான் மறந்து வைத்த பழைய பல்பு ஒன்றின் மேல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தது. சின்னக்காவின் சிவப்புக் கோழிகளோ முட்டை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத ரகம். அவளுக்குக் குஞ்சு வேண்டுமென்றால் முட்டையை எடுத்துக்கொண்டு அக்காவிடம்தான் வர வேண்டும். வந்தாள். பொரிந்த குஞ்சுகள் அவள் முட்டையில் வந்ததை மறந்து, பெரியக்காவின் வெள்ளைக் கோழி பின்னாலேயே திரிந்தன. சமையலறை ஜன்னலிலிருந்து சின்னக்கா அதைப் பார்த்தபடி நிற்பாள். பால் பொங்கி வழியும்.

அப்புறம் பிறந்தாள் மகாராணி. முதல் ஜோடியின் பெட்டைக்குஞ்சு. சில்கியில் சேவலா பெட்டையா என்பது வளர்ந்து கூவுகிற வரைக்கும் தெரியாது, முட்டை போட்ட பிறகுதான் இவளுக்கு ராணிப் பட்டமே கிடைத்தது. அவள் தலைக்கொண்டை போல நான் எங்கேயும் பார்த்ததில்லை. வளர வளரக் கண்ணை மூடி, மூக்கை மூடி, நுனி மட்டும் எட்டிப்பார்க்கிற அளவுக்கு இறங்கியது. தெருவில் போகிறவர்கள் எட்டிப்பார்த்துப் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தைப் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சின்னக்காவிடமே காட்டினார்கள். "உங்க அக்கா தலையிலயும் முடி, அவங்க கோழி தலையிலயும் முடி. கை ராசி போல." சின்னக்கா சிரித்துக்கொண்டே சீப்பை எடுப்பாள். அந்தச் சிரிப்பு உள்ளே இருப்பதை மூட மட்டும்தான்.

மகாராணி முதல் தடவை அடைகாத்துக் குஞ்சு பொரித்தபோதுதான் விஷயம் விபரீதமானது. அழகாகப் பொரித்தாள், வளர்க்கத்தான் தெரியவில்லை. தீனியைத் தாண்டி நடந்தாள், சுவரில் முட்டினாள், குஞ்சு ஒரு பக்கம் கத்த இவள் வேறு பக்கம் கொக்கரித்துத் தேடினாள். ஒரு குஞ்சு தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்து செத்தது. ஒன்று அவள் காலடியிலேயே மிதிபட்டது. சில, சிவப்புக் கோழிகளிடம் அடைக்கலம் போய்க் கொத்து வாங்கின. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெரியக்கா கிண்ணத்தில் கூழாங்கல் போட்டாள், கூண்டை மாற்றினாள், காக்காயைத் திட்டினாள், கடைசியில் கொல்லைப்படியில் உட்கார்ந்து அழுதாள். சின்னக்கா "பாவம்" என்றாள். ஆனால் அன்றைக்குக் கடைக்குப் போகும்போது அவள் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அது எனக்கே தெரிந்தது என்றால் அவளுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

மகாராணி மறுபடியும் அடையில் உட்கார்ந்தாள். என் டார்ச்சைக் கடன் வாங்கி, இருட்டறையில் ஒவ்வொரு முட்டையாக அடியில் வெளிச்சம் காட்டிப் பார்த்தாள் பெரியக்கா. உள்ளே சிவப்பு நூல்போல நரம்பு ஓடியிருந்தது. "எல்லாம் உயிர்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா நான் கோழியே வளர்க்கலை" என்றாள்.

அதே வாரம் பார்லருக்கு ஒரு புது வாடிக்கைக்காரி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து போனை நீட்டினாள். "எனக்கு இந்த மாதிரி புஸ்ஸுன்னு வெச்சு விடுங்க." சின்னக்கா குனிந்து பார்த்தாள். மகாராணி.

அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். பெரியக்கா கிளினிக்கில் இருந்தாள். குஞ்சு வந்தால் போடவேண்டிய சூட்டு விளக்குக்காக நான் மாடிக் கைப்பிடியிலிருந்து ஒயர் இறக்கிக்கொண்டிருந்தேன். என்னை அவள் பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து கத்தரிக்கோலையும் சீப்பையும் எடுத்து, அடைக்கூடைக்கு முன்னால் மண்டியிட்டாள். அடையில் இருக்கிற கோழி எழுந்து ஓடாது, உடம்பை உப்பிக்கொண்டு உறுமும், அவ்வளவுதான். சின்னக்கா மகாராணியின் கொண்டையை இடது கையில் கொத்தாகப் பிடித்தாள். அடியோடு வெட்டி எறியப்போகிறாள் என்று நினைத்தேன். கை கேட்கவில்லை போலிருக்கிறது. பிடித்ததை விட்டாள், சீப்பால் வாரினாள், பிரித்தாள், இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்துப் படிப்படியாக வெட்டினாள். கெடுக்க வந்த இடத்தில்கூட மோசமாக வெட்ட அவளுக்குத் தெரியவில்லை. முடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் கழுத்தில் விழுந்த துணுக்கை வேறு ஊதிவிட்டாள்.

மகாராணி கண்ணைத் திறந்து பார்த்தாள். கருமணிக் கண் இரண்டும் முதல் தடவையாக வெளியே தெரிந்தன. எதிரில் இருந்த ஆளை நன்றாகப் பார்த்து, மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தினாள்.

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு வேண்டும்.

சாயங்காலம் பெரியக்கா கூடைப் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எங்களைப் பார்த்து, "எலி கடிச்சிருக்கும்" என்றாள்.

"ஆமா ஆமா, எலிதான். இந்தக் கொல்லையில எலி அதிகம்" என்றாள் சின்னக்கா. கொஞ்சம் அவசரமாகச் சொன்னாள். மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தாள்.

குஞ்சுகள் பொரிந்தன. மகாராணியா இது என்று ஆகிவிட்டது. தீனியைக் கண்டால் கொக்கொக் என்று கூப்பிட்டு, துணுக்குத் துணுக்காக எடுத்துக் குஞ்சுகளின் முன்னால் போட்டாள். எட்டப் போனதைத் தேடிப் போய் ஓட்டிக்கொண்டு வந்தாள். காக்காயின் நிழல் தரையில் ஓடினால் போதும், அத்தனையும் வயிற்றுக்கடியில். சிவப்புக் கோழி ஒன்று பக்கத்தில் வந்ததற்கு அவள் பாய்ந்த பாய்ச்சலில் அது கூரைமேல் ஏறிவிட்டது. ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை. நான் கட்டிய விளக்குக்கு வேலையே இல்லாமல் போயிற்று. முதல் தடவை செத்ததெல்லாம் கொண்டை மறைத்துக் கண் தெரியாததால்தான் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

சின்னக்காவுக்குச் சனி பிடித்தது இங்கேதான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும், கொண்டையை வெட்டிவிட்டது பெரியக்காவின் யோசனை என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். வேறு தெருவில் சில்கி வைத்திருந்தவர்கள்கூட வந்து கேட்டுப் போனார்கள். பேச்சு நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. "உங்க அக்காவுக்கு என்ன மூளைங்க! அத்தனை அழகை ஒரு தாய் மனசோட வெட்டியிருக்காங்களே." சின்னக்கா பல்லைக் கடித்துக்கொண்டு "ம்" கொட்டினாள். வெட்டியது நான் என்று சொன்னால் ஏன் வெட்டினாய் என்று கேட்பார்கள். சொல்லாமல் இருந்தால் வயிறு எரிகிறது. செய்தது கெடுதல்தான். ஆனாலும் கை வேலை அவளுடையதல்லவா?

ஒரு நாள் பார்லரில் டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தேன். பெரியக்கா வழக்கம்போல பெஞ்சில் டீயோடு. நாற்காலியில் இருந்த அம்மாள் கண்ணாடி வழியாகவே பெரியக்காவைப் பார்த்துப் பேசினாள். "யோசனையை விடுங்க. வெட்டின நேர்த்தி இருக்கே! ஒரு முடி தூக்கிட்டு நிக்கலை. தொழில்காரங்களே தோத்துடுவாங்க."

சின்னக்காவின் சீப்பு பாதி வாரலில் நின்றது.

"அதை வெட்டினது நான்" என்றாள்.

நான் ஸ்டூல் மேல் டியூப்லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தெரியும்டி" என்றாள் பெரியக்கா. "எலி கடிச்சா லேயர் லேயராவா கடிக்கும்?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சின்னக்கா சிரிக்கவில்லை. அந்த அம்மாளுக்கு வெட்டி முடித்து அனுப்பினாள். மற்றவர்களை நாளைக்கு வரச் சொன்னாள். கடையில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம்.

"கெடுக்கணும்னுதான வெட்டின?" என்று கேட்டாள் பெரியக்கா.

"ஆமா."

"அந்த வாயில்லாத ஜீவன் உன்னை என்னடி பண்ணுச்சு?"

"அது ஒண்ணும் பண்ணலை. நீ பண்ண." சின்னக்கா நாற்காலியைத் தட்டினாள். "ஊர்ல இருக்கற அத்தனை தலையும் இந்த நாற்காலிக்கு வந்திருக்கு. உன் தலை வந்திருக்கா? நுனி வெட்டக்கூட என்னை நம்பலை இல்ல நீ? எல்லாரும் கேக்கறாங்க, உங்க அக்கா யார்கிட்ட வெட்டிக்கறாங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

பெரியக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைத் தாழ் போட்டாள். திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நான் இறங்கிப் போகப் பார்த்தேன். "நீ இருடா, நீயும் பாரு" என்றாள். கையைப் பின்னால் கொண்டுபோய் ஒவ்வொரு கொண்டை ஊசியாக எடுத்து மடியில் வைத்தாள். பிறகு அந்தப் பின்னலைக் கழற்றிச் சீப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். முழுப் பின்னலையும். தலையில் மிஞ்சியிருந்தது சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு குடுமி. உச்சியில் தோல் தெரிந்தது.

"அந்த டைபாய்டுல கொட்டினது" என்றாள் கண்ணாடியைப் பார்த்து. "திரும்ப வரவே இல்லை. நீ படிச்சு முடிச்சு வந்து நின்ன அன்னிக்கே கண்டுபிடிச்சிடுவேன்னு செத்துப் பொழைச்சேன். நீ என் பின்னலைப் பார்த்துட்டு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உள்ள போயிட்ட. சரி, தப்பிச்சோம்னு நினைச்சேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன்டி. மனசு வரலை." பெரியக்கா மடியிலிருந்த ஊசிகளை விரலால் தள்ளினாள். "பல் வலியோட வர்றவங்க பேரைக் கூப்பிடறது என் வேலை. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட இந்த உலகத்துல நீ ஒருத்திதான் இருந்த. அதையும் எதுக்கு விடணும்னு வெச்சுக்கிட்டேன்."

சின்னக்கா உடைந்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் பின்னலைக் கையில் எடுத்தாள். புரட்டினாள். முடியை வைத்துத் தைத்திருந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலால் அடிமுதல் நுனிவரை தடவினாள். எதிர்ப்பக்கம் போகிறவளின் சவுரியைக் கண்டுபிடிக்கிறவள், தினம் டீ கொண்டுவந்து கொடுத்தவளின் தலையில் இதைப் பார்க்கவே இல்லை.

"யார் செஞ்சது இது?" என்றாள்.

"பஸ் ஸ்டாண்ட் பின்னாடி ஒரு அம்மா. நல்ல மாதிரி."

"அப்பப்போ பழுது பாக்கறதும் அவங்கதானா?"

"ம்."

"இத்தனை வருஷமா," சின்னக்கா பின்னலைக் கண்ணாடி முன்னால் வைத்தாள், "இத்தனை வருஷமா என்னை விட்டுட்டு வேற கடைக்கா போன?"

மகாராணி மேல் வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சின்னக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு துணியை உதறி அக்காவின் கழுத்தில் கட்டினாள். அந்தச் சுண்டுவிரல் குடுமியை அவிழ்த்து, இரண்டு இழுப்பில் முடிந்துவிடக் கூடியதை, மெல்ல மெல்ல வெகுநேரம் வாரிக்கொண்டே இருந்தாள். பிறகு நுனி வெட்டினாள்.

இதெல்லாம் வெளியே தெரியாத சமாச்சாரம். எழுதினேன் என்று தெரிந்தால் இரண்டு வீட்டிலும் எனக்குச் சோறு கிடையாது.

இப்போது பெரியக்காவின் பின்னலைச் சின்னக்காதான் செய்கிறாள். பழையதைவிட ஒரு சாண் நீளம், நல்ல கனம். வயதுக்குத் தகுந்தமாதிரி அங்கங்கே நரைமுடி நாலு சேர்த்திருக்கிறாள், எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. மகாராணிக்கும் அவள் மக்களுக்கும் கொண்டை இறங்க இறங்க அவளேதான் வந்து வெட்டிவிடுகிறாள். மகாராணி இன்னும் அவளைக் கண்டால் கொத்த வருகிறாள்.

போன வாரம்கூட ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வெளியே போகிற பெரியக்காவின் முதுகைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இந்த வயசுலயும் உங்க அக்காவுக்கு என்ன முடிங்க! கூடப் பிறந்தவங்கதான நீங்க, உங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?"

சின்னக்கா சீப்பை எடுத்தாள். வாரியதுதான் கொஞ்சம் அழுத்தமாகப் போய்விட்டது. நாற்காலியில் இருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டாள்.